வென்டிலேட்டரில் இருந்து மீண்டவருக்கு மூச்சுக்குழாயில் ஸ்டென்ட்: கையெழுத்துப் போடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐசியுவில் பத்து, இருபது நாள் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்து வீட்டுக்கு வந்தவர், ஒரு மாதம் போனதும் மாடிப்படி ஏறினால் இளைக்கிறது என்கிறார். அப்புறம் பேசும்போதே மூச்சு வாங்குகிறது, மூச்சை இழுத்தால் கீச்சென்று ஒரு சத்தம். இன்ஹேலர், நெபுலைசர் என்று சில வாரங்கள் ஓடிய பிறகு ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு "மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும்" என்கிறார். ஸ்டென்ட் என்றால் நம் வீடுகளில் தெரிந்தது இதயத்துக்கு வைப்பதுதான். வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் போதும் என்றே குடும்பம் நினைக்கிறது.

மூச்சுக்குழாய் விஷயத்தில் அந்த நினைப்பு ஆபத்தானது. இங்கே ஸ்டென்ட் என்பது வழியைத் திறந்து பிடிக்க உள்ளே நிறுத்தும் ஒரு குழாய், பெரும்பாலும் ஓர் இடைக்கால ஏற்பாடு. எந்த வகை ஸ்டென்ட், எப்போது எடுப்பது, அதற்கு முன் அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா, இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் வைக்கப்படும் ஸ்டென்ட், பின்னால் கிடைக்கக்கூடிய நிரந்தரத் தீர்வையே கெடுத்துவிடலாம். அது எப்படி என்பதை அடிப்படையில் இருந்து பார்ப்போம்.

## மூச்சுக்குழாயின் அமைப்பு

குரல்வளைக்குக் கீழே தொடங்கி நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரியும் வரை உள்ள குழாய்தான் மூச்சுக்குழாய். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 10 முதல் 13 செ.மீ. நீளம், 15 முதல் 20 மி.மீ. அகலம். இதை விரித்துப் பிடித்திருப்பவை 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள். இவை முழு வட்டங்கள் கிடையாது, பின்பக்கம் திறந்த லாட வடிவம். அந்தத் திறந்த பக்கத்தில் மெல்லிய தசைச் சுவர், அதை ஒட்டியே பின்னால் உணவுக்குழாய். குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே உள்ள ஒரே ஒரு வளையம் மட்டும் முழு வட்டம். அதனால் அங்கே வீக்கம் வந்தால் வெளிப்பக்கம் விரிய இடமே இல்லை, உள்பக்கம்தான் அடைக்கும்.

உள்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. நுரையீரலில் இருந்து வரும் சளியை இவை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளுகின்றன, நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். ஸ்டென்ட்டின் பல தொல்லைகள் இந்த நுண்மயிர்கள் சம்பந்தப்பட்டவை, ஆகவே இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## உயிர் காத்த குழாயால் சுருக்கம் எப்படி வருகிறது

வென்டிலேட்டரில் வைக்க, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் போடுகிறார்கள். அதன் கீழ்முனைக்கு அருகே காற்றடைக்கும் பலூன் ஒன்று இருக்கும், கஃப் என்பார்கள். செலுத்தும் காற்று மேலே கசியாமலும், வாயில் ஊறும் எச்சில் நுரையீரலுக்குள் அதிகம் இறங்காமலும் இருக்க அந்த பலூன் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டி நிற்பது என்றால் அழுத்துவது. மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் இந்த அழுத்தத்தை ஓரளவுக்குத்தான் தாங்கும். அதனால்தான் கஃப் அழுத்தத்தை 20-க்கும் 30-க்கும் இடையில் வைக்கச் சொல்கிறார்கள் (அளவு: செ.மீ. நீர்). 30-ஐத் தாண்டினால் இரத்த ஓட்டம் குறையத் தொடங்கும், 50-ஐ நெருங்கினால் ஏறக்குறைய நின்றே போகும்.

இரத்தம் போகாத தோல் புண்ணாகும். புண் ஆழமானால் குருத்தெலும்பு வெளியே தெரியும், கிருமி சேரும், வளையம் கரையத் தொடங்கும். பிறகு உடம்பு அதை ஆற்றும்போது தழும்பு உண்டாகிறது. தழும்பின் குணமே சுருங்குவது, அதுவும் வட்டமாக உண்டான தழும்பு சுருங்கினால் வழி குறுகத்தான் செய்யும். குழாய் உள்ளே இருக்கும்வரை அதுவே வழியைத் திறந்து பிடித்திருக்கும். எடுத்த பிறகுதான் தழும்பு தன் வேலையைத் தொடங்கும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் நன்றாக இருந்தவருக்குச் சில வாரங்கள், சில சமயம் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து இளைப்பு வருவது இதனால்தான்.

சுருக்கம் வழக்கமாக வரும் இடங்கள்:

1. கஃப் இருந்த இடம். மூச்சுக்குழாயின் மேல் அல்லது நடுப் பகுதி.
2. கழுத்தில் துளை போட்டு டிரக்கியாஸ்டமி வைத்திருந்தால் அந்தத் துளையின் ஓரம். அங்கே முன்சுவர் உள்ளே மடங்கிவிடும்.
3. குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே, அந்த முழு வட்ட வளையத்தின் மட்டத்தில். இருப்பதிலேயே சிகிச்சைக்கு மிகக் கடினமான இடம் இது.

இந்தச் சிக்கலுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் நோயாளிகளின் கழுத்தில் குழாய் போட்டு, மருத்துவ மாணவர்களை ஷிஃப்ட் முறையில் உட்காரவைத்துக் கையால் காற்று செலுத்தவைத்தார். இன்றைய ஐசியு அங்கிருந்து பிறந்தது. பிழைக்கவே மாட்டார்கள் என்று நினைத்தவர்கள் பிழைத்தார்கள், அப்படிப் பிழைத்தவர்களிடம்தான் இந்தச் சுருக்கமும் அதிகமாகத் தெரிய வந்தது. அன்றைய கஃப்கள் சிறியவை, கடினமானவை, சுவரில் பலமாக அழுத்தக்கூடியவை. பாஸ்டனில் ஹெர்ம்ஸ் கிரில்லோ, ஜோயல் கூப்பர் என்ற அறுவை மருத்துவர்கள் 1969 வாக்கில் கஃப் அழுத்தமே மூல காரணம் என்று நிறுவிய பிறகு, 1970-களில் அகலமான, மென்மையான கஃப்கள் வந்தன. பாதிப்பு வெகுவாகக் குறைந்தது, ஒழியவில்லை. மென்மையான கஃப்பிலும் அளவுக்கு மீறிக் காற்று அடைத்தால் அதே கதைதான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிப் பின்னணியும் உண்டு. பூச்சிமருந்து குடித்து வந்தவர்கள் நம் ஐசியுக்களில் அதிகம். ஆர்கனோபாஸ்பரஸ் வகை விஷம் மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்வதால் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. பலர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், பாம்புக்கடி, கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வந்தவர்கள், கொரோனா காலத்தில் வாரக்கணக்கில் குழாயோடு கிடந்தவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். விஷம் குடித்துப் பிழைத்த இளைஞர் கூச்சத்தில் அந்த ஐசியு கதையைப் புதிய டாக்டரிடம் சொல்லாமல் விடுவதும், டாக்டர் ஆஸ்துமா என்று எழுதுவதும் நடக்கக்கூடியதே. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான்: "எனக்கு இத்தனை நாள் வாயில் குழாய் போட்டிருந்தார்கள்." எதற்காகப் போட்டார்கள் என்பதைச் சொல்லக்கூடக் கட்டாயமில்லை.

## ஆஸ்துமா என்று ஏன் தவறாகப் போகிறது

மூச்சுக்குழாய் பாதி அடைபடும்வரை உடம்பு பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. வழி ஏறக்குறைய 8 மி.மீ.-க்குக் குறைந்தால் நடக்கும்போது இளைப்பு, 5 மி.மீ.-க்குக் குறைந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இளைப்பும் சத்தமும். காற்று செல்வதற்கான தடை, அகலம் குறையும் அளவுக்கு நேராக ஏறாது, பலமடங்காக ஏறும். சீரான ஓட்டம் என்று வைத்துக்கொண்டாலே விட்டம் பாதியானால் தடை 16 மடங்கு. அதனால்தான் நேற்று வரை சமாளித்தவர் ஒரு சாதாரணச் சளி பிடித்ததும் இன்று உயிருக்குப் போராடுகிறார். கடைசி இரண்டு மில்லிமீட்டரை ஒரு சளிக்கட்டி அடைத்தால் போதும்.

ஆஸ்துமாவில் சத்தம் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது, நெஞ்சு முழுக்கக் கேட்கும். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், இன்ஹேலருக்குக் கேட்கும். மூச்சுக்குழாய்ச் சுருக்கத்தில் சத்தம் பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுக்கும்போது, கழுத்துப் பக்கம் பலமாக வரும், இன்ஹேலரால் பெரிய பலன் இருக்காது, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் வரைபடத்தின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டும் தட்டையாக வரும். சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். கழுத்தையும் சேர்த்து எடுக்கும் சிடி ஸ்கேனும், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியும்தான் உறுதி செய்பவை. ஐசியுவில் குழாய் போட்ட வரலாறு உள்ள ஒருவருக்குப் புதிதாக இளைப்பு வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை மூச்சுக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

## சிகிச்சை: ஸ்டென்ட் எந்த இடத்தில் வருகிறது

எல்லாச் சுருக்கமும் ஒன்றல்ல. மெல்லிய சவ்வு போல, ஒரு செ.மீ.-க்கும் குறைந்த நீளத்தில், குருத்தெலும்பு கெடாமல் இருப்பதை எளிய சுருக்கம் என்கிறார்கள். நீளமாக இருந்தால், அல்லது வளையம் கரைந்து சுவர் தளர்ந்து போயிருந்தால் அது சிக்கலான சுருக்கம். எந்தச் சிகிச்சை என்பதைத் தீர்மானிப்பதில் இந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

விரிப்பது. முழு மயக்கத்தில், வளையாத உலோகக் குழாயான ரிஜிட் பிராங்கோஸ்கோப்பை வாய் வழியாக விட்டு, தழும்பை லேசர் அல்லது மின்கத்தியால் மூன்று நான்கு இடத்தில் கீறி, பலூனால் விரிக்கிறார்கள். எளிய சுருக்கத்துக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். மூச்சுத் திணறி அவசரமாக வருபவருக்கும் முதலில் செய்வது இதைத்தான். ஆனால் இரண்டு மூன்று முறை விரித்தும் திரும்பத் திரும்பச் சுருங்கினால், நான்காவது முறையும் அதையே செய்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு கீறலும் புதிய தழும்புக்கு வித்து.

வெட்டி இணைப்பது. சுருங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு மேல் முனையையும் கீழ் முனையையும் தைத்து இணைக்கும் அறுவை சிகிச்சை. தகுதியானவர்களுக்கு நிரந்தரத் தீர்வு என்று சொல்லத்தக்கது இதுதான். கிரில்லோவின் குழு 1995-ல் வெளியிட்ட கணக்கில் 503 பேருக்கு 521 அறுவை சிகிச்சைகள், அவர்களில் ஏறக்குறைய 94 சதவீதத்தினருக்கு நல்ல அல்லது திருப்தியான பலன், இறப்பு 2.4 சதவீதம். இந்தத் துறையில் உலகிலேயே அதிக அனுபவம் உள்ள மையங்களில் ஒன்றின் கணக்கு இது என்பதையும் மறக்கக் கூடாது. அனுபவம் குறைந்த கையில் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. தையல் இழுபடாமல் இருக்கத் தாடையை நெஞ்சோடு சேர்த்து ஒரு தையல் போட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் தலை குனிந்தபடியே வைத்திருப்பதும் உண்டு. பார்க்கும் குடும்பத்தாருக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் காரணத்தோடு செய்வது.

எல்லோருக்கும் இது முடியாது. சுருக்கம் மிக நீளமாக இருந்தால் இணைக்க நீளம் போதாது. மீண்டும் வென்டிலேட்டர் தேவைப்படும் நிலையில் இருப்பவர், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர், புண் இன்னும் ஆறாமல் வீங்கியிருப்பவர், இதயமோ மூளையோ மோசமாகப் பாதிக்கப்பட்டவர் இவர்களுக்கெல்லாம் உடனே கத்தி வைக்க முடியாது.

ஸ்டென்ட். விரித்தும் நிற்கவில்லை, அறுவைக்கு இப்போது உடம்பு தயாரில்லை அல்லது எப்போதும் முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கான வழி. உள்ளே ஒரு குழாயை நிறுத்திவைத்து, தழும்பு முதிர்ந்து அடங்கும்வரை வழியைத் திறந்து பிடித்திருப்பது. வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை வைத்திருந்து எடுத்துப் பார்க்கிறார்கள். சிலருக்கு எடுத்த பிறகும் வழி திறந்தே இருக்கும். சிலருக்கு மறுபடி சுருங்கும், அப்போது மீண்டும் ஸ்டென்ட் அல்லது, அதற்குள் உடம்பு தேறியிருந்தால், அறுவை.

## மூன்று வகை, மூன்று விதமான விளைவு

சிலிக்கோன் ஸ்டென்ட். பிரான்ஸின் மார்செய் நகரத்து மருத்துவர் ஷான்-பிரான்சுவா துமோன் 1990-ல் அறிமுகப்படுத்திய வடிவம்தான் இன்றும் பரவலாக உள்ளது. வெளிப்பக்கம் சிறு குமிழ்கள் இருக்கும், நகராமல் பிடித்துக்கொள்ள. வைப்பதற்கு முழு மயக்கமும் ரிஜிட் பிராங்கோஸ்கோப்பும் அதில் பழக்கமுள்ள மருத்துவரும் வேண்டும். வைப்பது சிரமம், ஆனால் வேண்டியபோது முழுதாக எடுத்துவிடலாம். புற்றுநோய் அல்லாத சுருக்கத்தில் இந்த ஒரு குணம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

டி-டியூப். வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவர் 1965-ல் கொண்டுவந்தது. இதுவும் சிலிக்கோன்தான், ஆனால் நெடுக்குப் பகுதி மூச்சுக்குழாய்க்குள் இருக்க, ஒரு கிளை கழுத்துத் துளை வழியாக வெளியே நீட்டியிருக்கும். அந்தக் கிளை இருப்பதால் நகராது, அடைத்தால் அது வழியாகவே சக்ஷன் செய்யலாம், அதாவது கருவியால் சளியை உறிஞ்சி எடுக்கலாம். வெளிமுனையை மூடிவைத்தால் மூக்கு வழியாக மூச்சும் சாதாரணப் பேச்சும் வரும். கழுத்தில் தெரிகிறதே என்று பலர் மறுக்கிறார்கள், குறிப்பாக இளம் பெண்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனாலும் குரல்வளையை ஒட்டிய சுருக்கத்துக்கு இதுவே பாதுகாப்பானதாக இருக்கும் சந்தர்ப்பங்கள் நிறைய.

உலோக ஸ்டென்ட். நிட்டினால் போன்ற கலவை உலோகக் கம்பி வலை. சுருட்டி உள்ளே விட்டால் தானே விரியும், வளையும் பிராங்கோஸ்கோப் வழியாகவே வைத்துவிடலாம், சில நிமிட வேலை. புற்றுநோயால் மூச்சுக்குழாய் அடைபட்டவருக்கு இது பெரிய நிவாரணம். ஆனால் மூடாத வலையாக இருந்தால் சில வாரங்களிலேயே கண்ணிகள் வழியாகச் சதை வளர்ந்து, கம்பியும் சுவரும் ஒன்றாகிவிடும். அதன்பின் எடுப்பது என்றால் சுவரோடு பிய்ப்பது, இரத்தக்கசிவு, கம்பி துண்டுதுண்டாக உடைவது. இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டு வாழ வேண்டிய ஒருவருக்குள் அதை வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2005 ஜூலையில் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை விட்டது. புற்றுநோய் அல்லாத சுருக்கத்தில் உலோக ஸ்டென்ட்டை, அறுவை, சிலிக்கோன் ஸ்டென்ட் போன்ற மற்ற வழிகளை முழுமையாக ஆராய்ந்த பிறகே பயன்படுத்த வேண்டும். பிறகு அறுவை செய்துகொள்ளலாம், அதுவரை இருக்கட்டும் என்று இடைக்காலமாக வைப்பதும் கூடாது. காரணம், உலோக ஸ்டென்ட்டே புதிய சேதம் உண்டாக்கி, வெட்டி இணைக்கக்கூடிய அளவில் இருந்த சுருக்கத்தை நீளமாக்கி அந்த வழியை அடைத்துவிடலாம். பின்னர் முழுதும் உறை போட்ட உலோக ஸ்டென்ட்கள் வந்தன. எடுப்பது இவற்றில் சுலபம் என்றாலும், நகர்வதும் முனைகளில் சதை வளர்வதும் தொடரவே செய்கின்றன.

## வைத்த பிறகு என்ன தொல்லைகள் வரும்

இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் மீது சில மாதங்களில் இரத்தக்குழாயின் உள்தோல் படர்ந்துவிடும், அது உடம்பின் பகுதியாகி அங்கேயே தங்கும். மூச்சுக்குழாயில் நிலைமை வேறு. காற்று உலர்த்துகிறது, கழுத்துத் திரும்பும்போதும் விழுங்கும்போதும் குழாய் அசைகிறது, ஒவ்வொரு இருமலும் ஸ்டென்ட்டைத் தள்ளுகிறது.

1. சளி அடைப்பு. ஸ்டென்ட் மேல் நுண்மயிர் கிடையாது. கீழிருந்து வரும் சளி அதன் வாயில் வந்து நின்று காய்ந்து ஒட்டிக்கொள்ளும். உப்புநீர் நெபுலைசேஷன் தினமும் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான், இதை விட்டுவிட்டால் அடைப்பு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.
2. நகர்வது. குறிப்பாக எளிய, குட்டையான சுருக்கத்தில் சிலிக்கோன் ஸ்டென்ட் பிடிப்பில்லாமல் நழுவும். திடீரென்று குரல் மாறுவது, விடாத இருமல் ஆகியவை அறிகுறி.
3. முனைகளில் சதை வளர்ச்சி. ஸ்டென்ட்டின் ஓரம் உரசும் இடத்தில் சிவந்த சதை வளர்ந்து மறுபடி அடைக்கும்.
4. கிருமித் தொற்றும் வாய் துர்நாற்றமும்.
5. உலோகத்தில் மட்டும்: கம்பி உடைவது, சுவரைத் துளைப்பது. அரிதாக உணவுக்குழாய்க்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ துளை போய்விடும்.

## புதிய மூச்சுக்குழாயே வைக்க முடியாதா

ஸ்டெம் செல் செய்திகளைப் படித்தவர்கள் கேட்கும் கேள்வி. 2011-ல் ஸ்டாக்ஹோமில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் ஸ்டெம் செல் பூசிப் பொருத்தியதாகச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஸ்வீடனில் அப்படிப் பொருத்தப்பட்ட மூன்று பேரும் இறந்தார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. மறுபுறம், 2021 ஜனவரியில் நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவமனையில் எரிக் ஜென்டன் குழு, இறந்தவர் ஒருவரின் மூச்சுக்குழாயை ஏறக்குறைய 18 மணி நேர அறுவையில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தியது. அவருடைய மூச்சுக்குழாய் கெட்டதும் திரும்பத் திரும்பக் குழாய் போட்டதால்தான். நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் இன்றைக்கு முடிவெடுக்க வேண்டிய ஒரு குடும்பத்துக்கு இது வழியல்ல.

## டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. சுருக்கம் எத்தனை செ.மீ. நீளம், குரல்நாணில் இருந்து எவ்வளவு தூரம், குருத்தெலும்பு நன்றாக இருக்கிறதா?
2. வெட்டி இணைக்கும் அறுவை எனக்கு முடியுமா? முடியாது என்றால் இப்போது முடியாதா, எப்போதுமே முடியாதா? மூச்சுக்குழாய் அறுவை செய்து பழகிய ஒருவர் ஸ்கேனைப் பார்த்தாரா?
3. வைக்கப்போவது சிலிக்கோனா, உலோகமா? உலோகம் என்றால் ஏன்?
4. எப்போது எடுப்பீர்கள்? எடுக்கும் வசதி இங்கேயே இருக்கிறதா?
5. நடு இரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது, எங்கே போவது?

இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தயங்கவே வேண்டாம். மூச்சு முட்டிக் கிடப்பவருக்கு அன்றே விரித்துவிடுவது சரி, உயிர்தான் முதலில். அவசரம் தணிந்த பிறகு அடுத்த கட்டத்தைத் தீர்மானிக்கப் பெரும்பாலும் நாட்கள் கிடைக்கும். அந்த நாட்களில் நுரையீரல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், நெஞ்சு அறுவை நிபுணர் மூவரும் சேர்ந்து பார்ப்பதுதான் முறை.

## ஸ்டென்ட்டோடு இருப்பவர் கையில் வைத்திருக்க வேண்டியது

வேறு ஏதோ காரணத்துக்காக மயக்கம் கொடுக்க நேர்ந்தாலோ, விபத்தில் நினைவிழந்து போனாலோ, விவரம் தெரியாமல் வழக்கம்போலக் குழாய் போட்டால் அது ஸ்டென்ட்டைக் கீழே தள்ளிவிடும். கேமராவால் பார்த்தபடி சின்ன அளவுக் குழாயை நிதானமாக இறக்க வேண்டும். ஆகவே பர்ஸில் ஓர் அட்டை இருக்கட்டும். ஸ்டென்ட் வகை, நீளம், விட்டம், வைத்த தேதி, குரல்நாணில் இருந்து எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது, வைத்த மருத்துவமனையின் தொலைபேசி எண், இவ்வளவும் அதில் வேண்டும். டி-டியூப் உள்ளவர் வீட்டில் சக்ஷன் கருவி வேண்டும். மூச்சு அடைத்தால் முதலில் வெளிமுனை மூடியைத் திறந்து சக்ஷன் செய்ய வேண்டும் என்பது வீட்டில் குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், ஒருவர் வெளியே போயிருக்கும் நேரத்திலும் அடைப்பு வரலாம்.